பங்குக் கிணற்றுக்காரர்களுக்கு: இந்த ஆடியில் ஆளுக்கும் முறை வையுங்கள்

பருவகால ஆலோசனை – ஆடிப்பட்டம், 2021
சின்னாளப்பட்டியும் சுற்றுவட்டாரமும்

2021 ஜூலை 17 அன்று ஆடி பிறந்துவிட்டது. விதைப்பைத் தள்ளிப்போட முடியாது. மே 21-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் கொரோனா உறுதியானது. இப்போது அது நாளுக்கு இரண்டாயிரத்துச் சொச்சமாக இறங்கியிருக்கிறது. இறங்கியிருக்கிறதே தவிர நிற்கவில்லை. இரண்டு மாதம் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்புகிற நேரம் இது. தறி சரியாக ஓடாத வீடுகளிலிருந்தும், பங்கில் சும்மா கிடக்கும் கால் ஏக்கர் அரை ஏக்கரைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். பள்ளிக்கூடம் திறக்காததால் பிள்ளைகளும் கூடவே வருகிறார்கள்.

தனிக் கிணறும் தனி வேலியும் உள்ளவர்களுக்கு இந்த ஆலோசனை அவ்வளவாகத் தேவைப்படாது. பாட்டன் வெட்டிய ஒரே கிணறு, அதில் நான்கைந்து பங்கு, எல்லாருக்கும் ஒரே மோட்டார், ஒரே வாய்க்கால், ஒரே வண்டிப்பாதை என்று இருக்கிற குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறோம். குழுவாகச் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துக் காய்கறி போடும் பெண்களுக்கும் இதில் உள்ள அத்தனையும் பொருந்தும்.

வயல் வேலையை அரசு நெடுநாள் தடுத்து வைத்ததில்லை. 2020 மார்ச் 24 இரவு நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. மூன்றே நாளில், 27-ஆம் தேதி, வயல் வேலைக்கும் விவசாயக் கூலிகளுக்கும் மத்திய அரசு விலக்கு அளித்தது. அதே மாதம் பிரிட்டனிலும் இப்படித்தான் நடந்தது. அங்கே ஊர்ப் பொதுநிலத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடும் வழக்கம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது; லண்டன் பக்கம் நம் தமிழ்க் குடும்பங்கள் கீரையும் பூசணியும் போடுவது அப்படிப்பட்ட துண்டுகளில்தான். ஊரடங்கு வந்தபோது தோட்டத்தை மூடவில்லை. ஆனால் எல்லாரும் கூடி உட்காரும் பொதுக் கொட்டகையை மூடச் சொன்னார்கள். நாமும் அதையேதான் செய்ய வேண்டும்: தோட்டம் திறந்திருக்கட்டும், கூடும் இடத்தை மூடுங்கள்.

முறை

பங்குக் கிணற்றில் தண்ணீருக்கு முறை வைத்திருக்கிறோம். இன்று பெரியவர் வீட்டு முறை, நாளை சின்னவர் வீட்டு முறை, அடுத்த நாள் அத்தை வீட்டு முறை. மும்முனை மின்சாரம் எந்த நேரத்துக்கு வந்தாலும் முறைக்காரர்தான் மோட்டாரைப் போடுவார், மற்றவர் மடையில் கை வைக்க மாட்டார். இதற்காகச் சண்டை போட்டிருக்கிறோம், பஞ்சாயத்தும் பேசியிருக்கிறோம். அதனால்தான் முறை என்றால் ஒரு மரியாதை இருக்கிறது. அந்த ஒழுங்கை ஆட்களுக்கும் விரிவாக்குங்கள். தண்ணீர் முறை யாருக்கோ, அன்று கிணற்று மேட்டுக்கும் மோட்டாருக்கும் அவர் வீட்டு ஆட்கள் மட்டும். களை எடுப்பவர், காய் பறிப்பவர், மருந்து அடிப்பவர் அவரவர் பாத்தியில் நிற்கலாம். திறந்த வெளியில் ஆறு அடி தள்ளி நின்று வேலை செய்பவரால் பெரிய ஆபத்தில்லை. ஆடிக்காற்று வேறு அடித்துக்கொண்டிருக்கிறது.

வீட்டில் அறுபது தாண்டியவர்கள் இருந்தால் விடியற்கால முறையை அவர்களுக்குக் கொடுங்கள். தோட்டத்துக்கு வராதே என்று அவர்களிடம் சொன்னால் எடுபடாது. வெண்டை எப்போது விதைக்க வேண்டும் என்று மண்ணைத் தொட்டுப் பார்த்துச் சொல்பவர்களே அவர்கள்தான். ஆள் வராத நேரத்தில் வந்து, மற்றவர் வருமுன் போய்விடட்டும்.

மோட்டார் ரூம்

நம் தோட்டத்தில் நோய் பரவ மிகவும் தோதான இடம் எது என்று கேட்டால், மோட்டார் ரூம் என்றுதான் சொல்வோம். எட்டுக்கு எட்டு அடி. ஒரே ஒரு இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி, மூலையில் உர மூட்டை, ஆணியில் தொங்கும் பழைய சட்டை, தரையில் மண்வெட்டியும் களைக்கொத்தும். சாரல் விழுந்தால் ஐந்து பேர் உள்ளே ஒதுங்குகிறோம். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுகிறோம். அடைத்த அறை, கத்திப் பேச்சு, பத்து நிமிட நேரம்: இந்தத் தொற்றுக்கு இது போதும்.

போன வருடம் எல்லாரும் பயந்தது கைப்பிடிக்கும் பொருட்களுக்கும்தான். ஆனால் இந்த நோய் பெரும்பாலும் ஒருவர் விட்ட மூச்சுக்காற்றை மற்றவர் இழுப்பதால் வருகிறது; பொருளைத் தொட்டு வருவது அரிது. இந்த ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அதையே எழுத்தில் சொன்னது. ஆகவே மண்வெட்டிப் பிடிக்கு பிளீச்சிங் பவுடர் தெளிப்பதில் நேரத்தைச் செலவழித்துவிட்டு, அதே கையோடு நான்கு பேராக உள்ளே நின்று டீ குடித்தால் பயனில்லை.

செய்ய வேண்டியது இதுதான். மோட்டார் ரூமுக்குள் ஒரு நேரத்தில் ஒருவர். கருவிகளை உள்ளே வைக்காமல் வெளியே ஒரு கழியில் தொங்கவிடுங்கள், அல்லது வீட்டுக்கே கொண்டுபோங்கள். சாரலுக்கு ஒதுங்க நான்கு கம்பு நட்டு, பக்கம் அடைக்காமல், தென்னங்கீற்றுக் கூரை மட்டும் போட்ட பந்தல் போதும். கதவு எப்போதும் திறந்தே இருக்கட்டும். பூட்ட வேண்டுமானால் மேல் வரிசையில் நான்கு செங்கலைப் பெயர்த்துக் காற்றுக்கு வழி விடுங்கள்.

ஸ்டார்ட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சைப் பொத்தானையும் சிவப்புப் பொத்தானையும் எல்லாரும் தொடுகிறார்கள் என்று சிலர் அதன் மேல் சானிடைசர் அடிக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது எரியும் சாராயம். உள்ளே பொறி பறந்தால் குப்பென்று பிடிக்கும். ஈரத் துணியால் துடைப்பதும் கூடாது, கை கழுவிய ஈரத்தோடு தொடுவதும் கூடாது. மோட்டாரைப் போட்டுவிட்டு வெளியே வந்து, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அணைக்க உள்ளே போகுமுன் கையை நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். கொரோனாவுக்குப் பயந்து கரண்டில் கை வைக்கிற நிலை வரக் கூடாது.

ஆள் மேலும் மருந்து அடிக்காதீர்கள். 2020 ஏப்ரலில் திருப்பூர்ச் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். மற்ற ஊர்களும் பின்தொடர்ந்தன. உடம்புக்குக் கெடுதல் என்று பொது சுகாதாரத் துறையே பிறகு அதை நிறுத்தச் சொன்னது. கைத்தெளிப்பானில் பிளீச்சிங் கரைத்து வருகிறவர் மேல் அடிப்பது அதே தவறுதான். காய்கறியைக் கழுவவும் நல்ல தண்ணீர் போதும். சோப்பும் டெட்டாலும் வேண்டாம்.

சாப்பாட்டு நேரம்

வேலை நேரத்தில் தள்ளித் தள்ளித்தான் நிற்கிறோம். உச்சிவேளையில் வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறக்கும்போதுதான் எல்லாரும் ஒன்று கூடுகிறோம். இவள் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பு அவளுக்கு, அவள் ஊறுகாய் இவளுக்கு. கம்மங்கூழ் ஒரே சட்டியில். சாப்பிட்டதும் சுருக்குப்பை கை மாறுகிறது, வெற்றிலை மடிக்கிறோம், துப்புகிறோம். பகல் முழுக்கக் கட்டியிருந்த முகக்கவசத்தை அவிழ்க்கிற ஒரே நேரமும் இதுதான். இந்தப் பழக்கம் நமக்கு எவ்வளவு ஆறுதல் என்று தெரியும். வீட்டில் பேச முடியாததை எல்லாம் பேசுகிற இடம் அது. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு வரப்பாக, முகம் பார்க்கும் தூரத்தில், காற்றுக்குக் குறுக்கே உட்காருங்கள். குழம்பைப் பங்கு போடாமல் காயாகப் பங்கு போடுங்கள். செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கிற பழக்கம் நல்லதுதான், இருந்தாலும் ஆளுக்கு ஒரு பாட்டில் இருக்கட்டும். வெற்றிலைப் பை அவரவர் இடுப்பிலேயே இருக்கட்டும்.

முகக்கவசத்துக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. சுங்குடிச் சேலைத் துண்டு, வெட்டிய கைத்தறித் துணி எதுவானாலும் பருத்தியாக இருந்தால் மூன்று மடிப்பாகத் தைத்துக்கொள்ளலாம். பட்டு வழவழப்பாக இருக்கிறதே என்று செயற்கைப் பட்டில் தைக்காதீர்கள். வியர்வையில் மூச்சு முட்டும், உடனே கழற்றிவிடுவீர்கள். பூச்சிமருந்து அடிக்கும்போது கட்டிய துணியைத் துவைக்காமல் மறுபடி கட்டக் கூடாது. அந்தத் துணி மருந்து வாசத்தைத் தடுக்கும் என்றும் நம்பாதீர்கள்.

வண்டி

சிறுமலை அடிவாரத் திராட்சைத் தோட்டங்களுக்கும் நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிக்கவும் பெண்களை லோடு ஆட்டோவில் ஏற்றிப் போகிறார்கள். பின்னால் பதினைந்து பேர் நெருக்கி நின்றால் தோட்டத்தில் காத்த இடைவெளி அத்தனையும் வீண். ஆள் அழைப்பவர்கள் இரண்டு நடையாக ஏற்றுங்கள், தார்ப்பாயைச் சுருட்டிவிடுங்கள். கூலி கொடுப்பவர் அந்த இரண்டாவது நடைக்கான டீசல் காசை ஏற்க வேண்டும். அதை வேலைக்கு வருகிறவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

என்ன போடுவது

இந்தப் பட்டத்தில் பயிரைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள்; எத்தனை தடவை தோட்டத்துக்கு வர வேண்டியிருக்கும் என்றும் பாருங்கள். வெண்டை நாற்பத்தைந்து நாளில் காய்க்கத் தொடங்கினால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும்; நான்கு நாள் விட்டால் முற்றிப்போகும். யாராவது ஒருவருக்குக் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் வீட்டில் இருக்க நேர்ந்தால் அந்தப் பாத்தி போச்சு. பூசணியும் மொச்சையும் தட்டைப்பயறும் அப்படி இல்லை, காத்திருக்கும். கையில் ஆள் குறைவாக உள்ள வீடு பாதி நிலத்திலாவது காத்திருக்கிற பயிரைப் போடட்டும். வீட்டுச் செலவுக்கு மட்டும் தண்டுக்கீரை, அரைக்கீரை இரண்டு பாத்தி. இருபத்தைந்து நாளில் கைக்கு வரும். மே 24 முதல் கடைகள் மூடியிருந்தபோது தோட்டக்கலைத் துறை வண்டியில் காய் வரும்வரை வாசலில் காத்திருந்தோமே, அந்த நாட்களில் கீரைப் பாத்தி வைத்திருந்தவர்கள் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தார்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மாற்றாள் வீட்டை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். இந்த வீட்டுக்கு முடியாமல் போனால் அந்த வீடு தண்ணீர் கட்டும், காய் பறிக்கும், விற்ற காசைக் கொண்டுவந்து கொடுக்கும். காய்ச்சல் வந்த பிறகு பேசினால் முறைத் தகராறாக மாறிவிடும். தக்காளி, கத்தரி குழித்தட்டு நாற்றுக்கும் ரெட்டியார்சத்திரம் காய்கறி மகத்துவ மையத்துக்கோ நாற்றுப் பண்ணைக்கோ எல்லாருக்குமாகச் சேர்த்து ஒருவர் போய் வந்தால் போதும். திண்டுக்கல் உழவர் சந்தைக்கும் அப்படியே.

தடுப்பூசி

பதினெட்டு வயது தாண்டிய எல்லாருக்கும் 2021 ஜூன் 21 முதல் அரசு இலவசமாக ஊசி போடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் ஜூலைத் தொடக்கத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது. கோவிஷீல்டு போட்டவர்கள் 84 நாள் கழித்து இரண்டாவது ஊசி, கோவாக்சின் போட்டவர்கள் 28 நாள் கழித்து. ஊசி போட்ட மறுநாள் உடம்பு வலியும் காய்ச்சலும் வரலாம். தண்ணீர் முறைக்கு முந்திய நாள் போய் நிற்காமல், முறை முடிந்த அன்று போங்கள். ஒரே வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் போடாமல் இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவாவது ஆள் இருக்கும்.

நம் பக்கத்தில் உள்ள காந்திகிராமத்தை 1947-இல் தொடங்கிய சௌந்தரம் அம்மையார் ஒரு மருத்துவர். கிராமத்து வீட்டு வாசலுக்கே போய்ச் சுகாதாரம் சொல்லும் பழக்கம் இந்த ஆத்தூர் வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஊசிக்குத் தயங்குகிற பங்காளிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பாமல் நேரில் போய், திண்ணையில் தள்ளி உட்கார்ந்து பேசுங்கள்.

டெங்குவையும் மறக்க வேண்டாம்

கை கழுவத் தோட்டத்துக்குத் தோட்டம் டிரம் வைத்திருக்கிறோம். மூடாத டிரம்மில் ஒரு வாரம் தண்ணீர் நின்றால் டெங்குக் கொசு வளரும். மூடி போடுங்கள், வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேயுங்கள். டிரம்மே இல்லாமலும் செய்யலாம்: ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் சிறு துளை போட்டு, கம்பில் தொங்கவிட்டு, கயிற்றை இழுத்துக் கீழே ஒரு குச்சியில் கட்டுங்கள். காலால் மிதித்தால் கேன் சாயும், கையில் தண்ணீர் விழும். சொம்பை யாரும் தொட வேண்டியதில்லை. காய்ச்சல் எல்லாமே கொரோனா என்றும், கொரோனா இல்லாவிட்டால் சும்மா காய்ச்சல் என்றும் நினைக்காதீர்கள். கொரோனா, டெங்கு இரண்டுக்கும் பரிசோதனை எடுங்கள்.

ஆடி 18

ஆகஸ்ட் 3 அன்று ஆடிப்பெருக்கு. கிணற்று மேட்டுக் கன்னிமாருக்குப் பொங்கல் வைப்பதை இந்த வருடம் வீட்டுக்கு வீடு முறை வைத்துச் செய்யுங்கள்: ஒரு வீடு காலையில், ஒரு வீடு மதியம், மற்றவர் மறுநாள். கூழ் ஊற்றுவதாக நேர்ந்திருந்தால் அரிசியும் கம்புமாகக் கொடுத்துவிடுங்கள்.

காய்ச்சல் வந்தால்

காய்ச்சல், இருமல், வாசனை தெரியாமல் போவது, காரணமில்லாத அசதி: இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைய முறையை மாற்றாள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மறைக்காதீர்கள், மற்றவர்களும் அந்த வீட்டை ஒதுக்காதீர்கள். ஒதுக்குவார்கள் என்று பயந்துதான் பலர் ஐந்தாறு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள். கிணற்றுப் பங்கில் எல்லாரும் காசு போட்டு விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி ஒன்று வாங்கி, யார் வீட்டில் காய்ச்சலோ அங்கே கொடுத்துவையுங்கள். 94-க்குக் கீழே இறங்கினால் வீட்டில் வைத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க 104. இரண்டு எண்களையும், மாற்றாள் வீடுகளின் பட்டியலையும், மோட்டார் ரூம் கதவின் வெளிப்பக்கம் சுண்ணாம்பால் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.