இன்ஜின் ஆயிலைத் தூய்மையாகக் காத்தல்: வடிப்பான் தேர்வும் பராமரிப்பு முறையும்

காரின் இன்ஜினுக்குள் ஓடும் மசகெண்ணெய், அதாவது பேச்சு வழக்கில் இன்ஜின் ஆயில் எனப்படுவது, உலோகப் பகுதிகள் உரசித் தேயாமல் காப்பதோடு, எரிதலில் பிறக்கும் கரியையும் தேய்மானத்தில் உதிரும் துகளையும் ஏற்றுச் சுமக்கும் வேலையையும் செய்கிறது. அந்த அழுக்கு இருவகைப்படும். மணல் தூசி, உலோகத் துகள், கரிக்கட்டி முதலிய திடப்பொருள்கள் ஒரு வகை; இவற்றை ஆயில் ஃபில்டர் எனப்படும் வடிப்பான் பிடித்து வைக்கும். முழுமையாக எரியாத பெட்ரோல் அல்லது டீசல், நீராவி குளிர்ந்து உண்டான நீர், எரிதலில் பிறக்கும் வாயுக்களால் விளையும் அமிலம் ஆகியவை ஆயிலோடு கலந்து நிற்கும் மற்றொரு வகை. இவை எந்தக் காகித வடிப்பானிலும் தங்குவதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல், விலை கூடிய ஃபில்டர் ஒன்றைப் பொருத்திவிட்டால் ஆயிலை நெடுங்காலம் மாற்றாமலே ஓட்டலாம் என்று நம்புவோர் இன்ஜினின் ஆயுளைத் தாமே குறைத்துக்கொள்கின்றனர்.

முதலில் கவனிக்க வேண்டியது ஆயில் ஃபில்டரை அன்று, காற்று உள்ளே வரும் வழியை. சாலைத் தூசியில் பெரும்பங்கு வகிக்கும் சிலிக்கா, சிலிண்டர் சுவரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. காற்றோடு நுழையும் அது பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஆயிலில் இறங்கி, சுற்றும் இடமெங்கும் அரம்போல் அராவுகிறது. எனவே ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா, அதன் ரப்பர் ஓரம் மடங்காமல் அமர்ந்திருக்கிறதா, பெட்டியிலிருந்து இன்ஜினுக்குச் செல்லும் குழாயில் வெடிப்பு உள்ளதா என்பவற்றை ஒவ்வொரு சர்வீஸின்போதும் பார்ப்பது நன்று. பணிமனைகளில் ஏர் ஃபில்டரைக் கம்ப்ரசர் காற்றால் பலமாக ஊதித் தரும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த வேகத்தில் காகிதத்தின் இழைகள் விலகினால் அது பார்வைக்குத் தெளிந்து, தூசியைத் தாராளமாக உள்ளே விடும். சிறிது தூசி படிந்த காகிதம் புதியதைவிட நுட்பமாக வடிகட்டும் என்பதால் அடிக்கடி திறந்து தட்டுவதிலும் பயனில்லை. குறித்த கெடுவில், செம்மண் சாலையில் மிகுதியாக ஓடும் வண்டியாயின் அதற்கும் முன்பே, புதியதை இடுவதே முறை.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, கிராங்க்கேஸ் என்னும் இன்ஜின் அடிக்கூட்டில் கசியும் வாயுக்களை மீண்டும் எரிதலுக்கு அனுப்பும் காற்றோட்ட வால்வு. அது அடைபட்டால் நீரும் அமிலமும் வெளியேற வழியின்றி ஆயிலிலேயே தங்கிக் கசடாகும்.

அடுத்தது ஃபில்டரைத் தேர்ந்தெடுத்தல். துகள்களின் அளவு மைக்ரான் கணக்கில் சொல்லப்படுகிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே நிற்கும் ஆயில் படலமோ பல வேளைகளில் சில மைக்ரான் கனமே உடையது. மிகப் பெரிய துகள் அந்த இடைவெளியில் நுழையாது, மிகச் சிறியது உரசாமல் கடந்துவிடும். படலத்தின் கனத்தையொத்த துகளே இரண்டு உலோகங்களையும் ஒருசேரக் கீறுகிறது. ஆகவே பெட்டியின்மேல் வெறுமனே ‘20 மைக்ரான்’ என்றிருந்தால் அதற்குப் பொருளில்லை. 20 மைக்ரான் துகள்களில் எத்தனை விழுக்காட்டைப் பிடிக்கிறது என்பதும், அது ஐஎஸ்ஓ 4548-12 என்னும் பன்னாட்டுச் சோதனை முறைப்படி அளக்கப்பட்டதா என்பதும் சேர்ந்தால்தான் அந்த எண் பேசும்.

அதனால் மிக நுண்ணிய காகிதமே மிகச் சிறந்தது என்றும் முடிவு கட்டலாகாது. காகிதம் நெருக்கமாகும்போது, பரப்பு கூடாவிடில், ஆயிலின் ஓட்டம் தடைபடும். தடை மிகுந்தால், இன்ஜின் ஆயிலின்றிக் காய்ந்துபோகாமலிருக்க அமைக்கப்பட்ட பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே சுற்றுக்கு அனுப்பிவிடும். அந்த வால்வு திறக்கும் அழுத்தம் இன்ஜினுக்கு இன்ஜின் மாறுவதால், மரை பொருந்துகிறது என்பதற்காக வேறொரு வண்டியின் ஃபில்டரைத் திருகுவது தவறு. வண்டி நின்றபின் ஆயில் ஃபில்டரிலிருந்து வழிந்து இறங்காமல் தடுக்கும் ரப்பர் வால்வும் பல ஃபில்டர்களில் உண்டு. சாதாரண நைட்ரைல் ரப்பரைவிடச் சிலிக்கோன் ரப்பர் வெப்பத்தை நெடுநாள் தாங்கும். இந்த விவரங்கள் பெட்டியில் இல்லாதபோது, தயாரிப்பாளர் குறித்த பாக எண்ணுடைய ஃபில்டரை நம்பிக்கையான கடையில் வாங்குவதே பாதுகாப்பு. ஓட்டத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் மிக நுணுக்கமாக வடிக்கும் தனி பைபாஸ் ஃபில்டர்கள், நிறைய ஆயில் கொள்ளும் லாரிகளுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் ஏற்றவை. மூன்று நான்கு லிட்டர் மட்டுமே கொள்ளும் சிறு காருக்கு அவை வீண் செலவு. ஆயிலை வடிக்கும் துளையை அடைக்கும் டிரெயின் பிளக்கில் காந்தம் பதித்திருந்தால் அது இரும்புத் துகளைப் பிடிக்குமேயன்றி, அலுமினியத்தையோ மணலையோ தொடாது.

ஆயில் மாற்றும் நாளில் இன்ஜினைச் சில நிமிடங்கள் ஓட்டி இளஞ்சூடாக்கினால் அடியில் படிந்த அழுக்கு கலங்கி ஆயிலோடு வெளியேறும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கியபின் உறுதியான ஸ்டாண்டுகளில் இருத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்தல் உயிருக்கு ஆபத்து. பயன்படுத்திய ஆயிலில் புற்றுநோய் விளைவிக்கும் சேர்மங்கள் இருப்பதால் கையுறை அணிவது கட்டாயம். டிரெயின் பிளக்கைக் கழற்றி, சொட்டு அடங்கும்வரை வடியவிட்டு, புதிய வாஷரோடு கையேடு கூறும் அளவுக்கு இறுக்கலாம். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் கேஸ்கட் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டதா எனப் பார்க்காமல் புதியதைத் திருகினால் இரண்டு கேஸ்கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து, ஓட்டத்தில் ஆயில் முழுவதும் பீறிட்டு வெளியேறக்கூடும். திருகும் வகை ஃபில்டரின் கேஸ்கட்டில் புது ஆயிலைத் தடவி, அது இன்ஜினைத் தொட்டபின் உறையில் குறித்தபடி, பொதுவாக முக்கால் சுற்று, கையாலேயே இறுக்க வேண்டும். ஆயிலை ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்து, கசிவையும் சரிபார்த்தால் வேலை முடிந்தது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதற்குக் கையேடே முதல் சான்று. எனினும், தினமும் நான்கைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ஆயில் முழுச்சூடு அடையாததால் நீரும் எரிபொருளும் ஆவியாகாமல் சேர்கின்றன. நெரிசலில் நின்றபடி ஓடும் மணிகளையோ கிலோமீட்டர் கணக்கு காட்டுவதில்லை. இத்தகைய வண்டிகளுக்குக் கையேட்டில் கடினப் பயன்பாடு என்று தனியாகக் குறிக்கப்படும் குறுகிய கெடுவே பொருந்தும்.

ஆயிலின் கருமையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. டீசல் இன்ஜினில் அது விரைவில் கறுப்பது இயல்பு. அஞ்ச வேண்டியவை வேறு: மோர்போல் வெளுத்தால் கூலன்ட் கலந்திருக்கலாம்; மினுமினுக்கும் துகள் தெரிந்தால் பேரிங் தேய்ந்துகொண்டிருக்கலாம். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 புகை விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளில், புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் தன்னைச் சுட்டுத் தூய்மைப்படுத்திக்கொள்ளும் வேளையில் வண்டியை அடிக்கடி நிறுத்திவிட்டால், டீசல் ஆயிலில் இறங்கி டிப்ஸ்டிக்கின் அளவு உயரக்கூடும். குறையாத ஆயிலைக் கண்டு மகிழ்வது இங்கே பொருந்தாது. உயர்ந்த அளவு உடனே ஆயிலை மாற்றச் சொல்லும் எச்சரிக்கை.

வடித்த ஆயிலையும் பழைய ஃபில்டரையும் சாக்கடையிலோ மண்ணிலோ விடலாகாது. பயன்படுத்திய ஆயில் இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி அபாயக் கழிவாகக் கருதப்படுகிறது. மூடிய கேனில் சேர்த்துப் பணிமனை வழியாக உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பித்தால், அதைச் சுத்திகரித்து மீண்டும் மசகெண்ணெயாக்க முடியும்.