பழைய கம்ப்யூட்டர் பாஷையும் நம் பிள்ளைகளின் படிப்பும்

கம்ப்யூட்டர் படிப்பில் பிள்ளைகளைச் சேர்க்கும் நம் வியாபாரிகள் பலருக்கும் எழும் கேள்வி இது: அறுபது ஆண்டுகளுக்கு முந்திய புரோகிராம் பாஷைகளைக் கற்பதில் பிரயோஜனம் உண்டா? ஜித்ராவில் உள்ளோருக்குப் பண்டார் டாருல் அமானில் பாலிடெக்னிக்கும், சிந்தோக்கில் பல்கலைக்கழகமும் இருப்பதால் இது நமக்கு எட்டாத விஷயமன்று. படிக்கும் காலம் சொற்பம். கட்டும் பணமோ கடையில் உழைத்துச் சேர்த்தது. ஆகவே யோசித்தே முடிவு செய்ய வேண்டும்.

கோபால் என்றொரு பாஷை. (பெயரைக் கேட்டு ஆள் என்று எண்ணிவிட வேண்டாம்.) 1959-இல் அமெரிக்க அரசாங்கத்தாரும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் கூடி, வியாபாரக் கணக்குக்கென்றே அதை வகுக்கத் தொடங்கினர். கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார் முன்னரே உண்டாக்கிய பாஷை அதற்கு அடிப்படையாயிற்று. அதில் ஒரு தொகையைக் கையாளுமுன், வெள்ளிக்கு எத்தனை இலக்கம், காசுக்கு எத்தனை இலக்கம் என்று சொல்லிவிட வேண்டும். பேரேட்டில் கட்டம் போட்டுக்கொண்டு எழுதுவது போல. பத்துப் பத்தாகவே எண்ணுவதால் காசு பிசகுவதில்லை.

இன்று பிள்ளைகள் பலர் முதலில் கற்கும் பைத்தான் 1991-இல் வெளிவந்தது. கற்க எளிது, நானும் குறை சொல்லேன். ஆனால் அதன் சாதாரணத் தசம எண்கள் உள்ளே இரண்டிரண்டாகப் பகுக்கும் கணக்கில் வைக்கப்படுகின்றன. அதனால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, கடைசியில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொள்ளும். துணுக்குத்தானே என்று விட்டுவிடலாமா? 5 வெள்ளி 35 காசுச் சரக்கைப் பாதி விலைக்குத் தருகிறோம். 2 வெள்ளி அறுபத்தேழரைக் காசு. அரைக் காசை மேலேற்றினால் 2.68. பைத்தானின் சாதாரண முறையோ 2.67 என்று தரும். 2008 ஏப்ரல் முதல் ரொக்கப் பில்லின் மொத்தத்தை ஐந்து காசுக்குச் சரிக்கட்டுகிறோமல்லவா? 2.68 என்பது 2.70 ஆகும்; 2.67 என்பது 2.65 ஆகும். ஒரே பில்லில் ஐந்து காசு வித்தியாசம்! பைத்தானிலும் காசுக் கணக்குக்கு ஏற்ற தனிக் கருவி உண்டு. அதைத் தேடி எடுக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். கோபாலில் பழகியவனுக்கு அது உடனே தோன்றும்.

பிழைப்புக்கு உதவுமா என்றும் கேட்பீர்கள். முற்காலத்தில் கம்ப்யூட்டரின் நினைவகம் விலை மிக்கதாயிருந்ததால், வருஷத்தைக் கடைசி இரண்டு இலக்கத்தால் மட்டுமே குறித்தனர். 2000 பிறந்தால் யந்திரம் அதை 1900 என்று கொள்ளும் அபாயம் நேர்ந்தது. அதைத் திருத்தும் வேலையால் 1990-களின் இறுதியில் சென்னை, பெங்களூர் இளைஞர் பலருக்கு அமெரிக்க வாசல் திறந்தது. 2020 ஏப்ரலில் தொற்றுநோயால் வேலையிழந்தோரின் மனுக்கள் குவிந்தபோது, கோபால் அறிந்தோர் உதவிக்கு வரவேண்டும் என்று நியூ ஜெர்ஸி கவர்னர் பில் மர்ஃபி பகிரங்கமாகக் கேட்டார். எனினும் இத்தகைய கிராக்கி வந்து போவது. இதை நம்பி ஒரு பிள்ளையின் ஆயுளை ஒப்படைப்பது சரியல்ல என்பதே என் அபிப்பிராயம்.

பழையதெல்லாம் வேண்டுமென்பதுமில்லை. பாஸ்கலை விட்டால் பெரிய நஷ்டமில்லை. 1972-இல் வந்த சி மாத்திரம் வேறு. பெரும்பாலோர் உபயோகிக்கும் பைத்தானே அதில் எழுதப்பட்டதுதான்.

விடுமுறையில் வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் அந்த 5 வெள்ளி 35 காசுக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 2.67 ஏன் வந்தது என்று விளக்கத் தெரிந்தால் கோபாலுக்காகத் தனியே காலம் செலவிட வேண்டாம். தெரியாவிட்டால், ஒரே ஒரு பருவம் அதைப் படிக்கட்டும்.