புகையும் நெருப்பும்: சைவ நூல்களில் அளவை

வன்னியிலே காடு வெட்டிச் சேனை செய்த காலத்தில், மழைக்கு முன்பு காட்டுக்கு மேலே புகை எழுந்தால், "ஆரோ புனம் எரிக்கினம்" என்று பெரியவர்கள் முற்றத்தில் இருந்தபடியே சொல்லிவிடுவர். நெருப்பை அவர்கள் காணவில்லை. புகையைக் கண்டு நெருப்பை அறிந்தனர். இதனை நூலோர் அனுமானம் அல்லது கருதலளவை என்பர்.

இதற்கும் ஒரு சாத்திரம் வேண்டுமா எனலாம். வேண்டும். விடியற்காலையில் இரணைமடுக் குளத்தின்மேல் படியும் பனிப்புகாரும், கிறவல் வீதியில் லொறி கிளப்பும் புழுதியும் தூரத்திற் புகையாகவே தோன்றும். இன்னொன்று: புகையுள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்பது சரி. நெருப்புள்ள இடமெல்லாம் புகை உண்டு என்பது பிழை. கொல்லன் உலையிற் பழுக்கக் காய்ச்சிய இரும்பிலே நெருப்புண்டு, புகையில்லை. காரணம் போலத் தோன்றிக் காரணமாகாதது ஏதுப்போலி எனப்படும்.

இவற்றை மாணவருக்கு எளிதாகக் கூறுவது அன்னம்பட்டர் வடமொழியில் இயற்றிய தருக்க சங்கிரகம். சிவஞான முனிவர் அதனைத் தமிழாக்கினார். ஆறுமுக நாவலர் அச்சிற் பதிப்பித்தார். புராணமும் தோத்திரமும் பதிப்பித்த நாவலர் பெருமான் தருக்க நூலையும் சைவப் பிள்ளைகளின் கையிற் கொடுத்தார் என்பது கவனிக்கத்தக்கது. இதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய மணிமேகலையிலும் 27ஆம், 29ஆம் காதைகளில் அளவை இலக்கணம் பேசப்படுகிறது. அது பௌத்த காப்பியம்தான். ஆனாலும் பிறர் கொள்கையை அறியாமல் வாதம் செய்வது எப்படி?

அருணந்தி சிவாசாரியார் அப்படியே செய்தார். சிவஞான சித்தியாரின் பரபக்கத்திலே, கடவுள் இல்லை என்ற உலகாயதர் முதலாகப் பிற கொள்கையினரின் வாதங்களை எடுத்துக்கூறியே மறுக்கிறார். சுபக்கத்தையும் அளவையில் இருந்தே தொடங்குகிறார். அளவை பத்து என்பாரும் உளர் என்று கூறி, அவை யாவும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். உரை என்பது ஆகமம்.

அறநெறிப் பாடசாலையில் ஒரு பிள்ளை, "கடவுள் உண்டென்று எப்படித் தெரியும்?" என்று கேட்டால் தெய்வக் குற்றம் என்று வாயை அடைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. 13ஆம் நூற்றாண்டிலே மெய்கண்ட தேவர் இக்கேள்வியையே சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்துக்குப் பொருளாக்கினார். மொத்தம் 12 சூத்திரங்களே உடைய அந்நூல், ஒவ்வொன்றையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என வைத்து நிறுவுகிறது. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது; அது தானே அவ்வாறு செய்ய மாட்டாது; ஆகவே அதற்கு ஒரு கருத்தா உண்டு என்பது முதற் சூத்திரத்தின் வாதம். மண்ணிலிருந்து குடம் வருவதற்குக் குயவன் வேண்டும் என்ற உவமையைச் சித்தியார் தருகிறது.

கெட்டிக்காரப் பிள்ளை இத்துடன் விடாது. "குயவனுக்கு உடம்பு இருக்கிறதே, கடவுளுக்கும் உடம்பு உண்டா? உண்டென்றால் அதைச் செய்தது ஆர்?" என்று கேட்கும். சித்தியார் அந்தத் தடையையும் மறைக்கவில்லை. நம் உடம்பு வினையால் வந்தது. இறைவன் கொள்ளும் திருமேனியோ அவனுடைய சத்தியாகிய அருளால் ஆனது, ஆகவே பிறர் படைக்க வேண்டியதில்லை என்று விடை கூறி, அடுத்த தடைக்குச் செல்கிறது.