பணக் கணக்கும் பொழுதுக் கணக்கும்

புது தில்லியில், முன்னாளில் ரீடிங் சாலை எனப்பட்ட மந்திர் மார்க்கில், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று உள்ளது. தலைநகர்த் தமிழர்தம் பிள்ளைகளின் கல்விக்காக 1923-இல் தோன்றிய கழகம் அது. அத்தகைய பள்ளி மாணவர் எவரும் செய்து பார்க்கத்தக்க பயிற்சி ஒன்றை இங்குத் தருகிறோம்.

முதற்கணக்கு: ரூ. 1,000-ஐ ஆண்டுக்கு 7 விழுக்காடு கூட்டு வட்டியில் இட்டால், பத்தாண்டில் அது ரூ. 1,967 ஆகும். பணம் காத்திருக்கும், காத்திருந்து வளரும்.

இரண்டாம் கணக்கு: தாத்தாவும் பாட்டியும் சென்னையில் வாழ்கின்றனர், இருப்புப்பாதை வழியே தொலைவு ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். கோடை விடுமுறையில் பத்து நாள் உடனிருப்பதாகக் கொள்வோம். பத்தாண்டில் அது நூறு நாளே; நான்கு மாதங்கூட இல்லை. ஓராண்டு செல்லாவிடில் தொண்ணூறு. விடுபட்ட நாளுக்கு வட்டி இல்லை; அடுத்த ஆண்டு மும்மடங்கு அன்பு காட்டினும் அந்நாள் திரும்பாது.

எனினும் ஒரு வழியுண்டு. நாள்தோறும் பத்து நிமிடம் தொலைபேசியில் பேசினால், ஓராண்டில் அறுபது மணி நேரத்திற்கு மேலாகும். சிறு தொகையைத் தவறாது செலுத்தும் தொடர் வைப்பின் நெறியே இது.

பத்து வயது நிறைந்த சிறார், வங்கி வகுக்கும் வரம்புக்குட்பட்டுத் தம் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்கலாம். அக்கணக்கைத் தொடங்கித் தரும் பெற்றோர், குறிப்பேடு ஒன்றையும் உடன் தருக. அவ்வாரத்தில் குடும்பத்தாருடன் கழித்த பொழுதை ஞாயிறுதோறும் பிள்ளைகள் அதில் எழுதட்டும். பெற்றோரும் தமக்கென ஒரு பக்கம் எழுதுவது நன்று. குறைவான இருப்பு பெரும்பாலும் அப்பக்கத்திலேயே தென்படக்கூடும்.