ஹைட்ரஜன் கார் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

2022 மார்ச்சில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி ஹைட்ரஜனில் ஓடும் டொயோட்டா மிராய் காரில் நாடாளுமன்றத்துக்கு வந்து இறங்கினார். "அடுத்து ஹைட்ரஜன்தான், பேட்டரி கார் வாங்கிப் பணத்தை வீணாக்காதே" என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

நம்பிக்கை: ஹைட்ரஜன் கார் தண்ணீரில் ஓடும்.

உண்மை: தண்ணீர் அந்தக் காரிலிருந்து வெளியேறும் கழிவு. விறகுக்குச் சாம்பல் எப்படியோ, ஹைட்ரஜனுக்குத் தண்ணீர் அப்படி. டாங்கில் இருப்பது 700 பார் அழுத்தத்தில் அடைத்த வாயு. எரிபொருள் கலத்தில் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரத்தில் மோட்டார் சுழல்கிறது. மிராயிலும் சிறிய பேட்டரி ஒன்று உண்டு. ஆக, இதுவும் மின்சாரக் கார்தான்.

நம்பிக்கை: பேட்டரியைவிட ஹைட்ரஜன் சுத்தம், சிக்கனம்.

உண்மை: தண்ணீரைப் பிரித்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். அதை அழுத்திக் குளிரவைக்க மேலும் சில யூனிட். அந்த 1 கிலோவில் கார் ஏறத்தாழ 100 கி.மீ. ஓடும். அதே தூரத்துக்குப் பேட்டரி காருக்கு 15 முதல் 20 யூனிட் போதும். மாடியில் சோலார் வைத்து எடுத்த மின்சாரமே ஆனாலும், ஹைட்ரஜன் வழியாகப் போனால் மூன்று மடங்கு செலவு. கருவிகள் மேம்பட்டால் இந்த இடைவெளி குறையும், மறையாது. இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி தண்ணீரிலிருந்து வருவதும் இல்லை. இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. எரிவாயுவிலிருந்து 1 கிலோ எடுத்தால் 9, 10 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது.

நம்பிக்கை: ஐந்தே நிமிடத்தில் நிரப்பிவிடலாம்.

உண்மை: நிரப்பலாம், நிலையம் இருந்தால். வாயுவை மைனஸ் 40 டிகிரிவரை குளிர்வித்து ஏற்றுவதால், சில நேரம் குழாய்முனை உறைந்து காரோடு ஒட்டிக்கொள்ளும். கலிபோர்னியாவில் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்களை ஷெல் நிறுவனம் 2024இல் மூடிவிட்டது. கார் வாங்கியவர்கள்தான் தவித்தார்கள்.

ஹைட்ரஜன் வேண்டாம் என்று சொல்லவில்லை. உரம் தயாரிக்க அது அவசியம்; தாதுவிலிருந்து இரும்பைப் பிரிக்கவும் பயன்படும். சோலார் போன்ற சுத்தமான மின்சாரத்தில் எடுக்கும் பசுமை ஹைட்ரஜன் முதலில் அங்கே போகட்டும். கார் வாங்க நினைப்பவர்கள் ஹைட்ரஜன் காருக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுக்குமாடியில் குடியிருந்தால், உங்கள் சங்கக் கூட்டத்தில் பார்க்கிங்கில் சார்ஜிங் பாயின்ட் கேளுங்கள்.