முப்பரிமாணப் பானையைக் கோட்டுப் படமாக்குவது எப்படி?

சென்ற பொங்கல் விழாவுக்கு மேடைத் திரையில் ஒட்ட எட்டடி உயரப் பானைப் படம் தேவைப்பட்டது. எதிர்வீட்டுப் பெண், பதினோராம் வகுப்பு மாணவி, 'பிளெண்டர்' என்னும் இலவச மென்பொருளில் தானே ஒரு பானை செய்து வைத்திருந்தாள். "மாமா, இதைப் போடுவீங்களா?" என்று கேட்டாள். மும்பையில் பல ஆண்டுகளாக டி.டி.பி. வேலையும் ஸ்டிக்கர் வெட்டும் வேலையும் செய்கிறவன் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் பட்ட பாடு நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

அவள் முதலில் தந்தது போட்டோ போன்ற படம். அது புள்ளிகளால் ஆனது. பெரிதாக்கினால் ஓரம் படிக்கட்டுப் போலத் தெரியும். ஸ்டிக்கர் வெட்டும் கத்தியோ கோட்டின் மேல்தான் ஓடும். ஆகவே கோடுகளால் ஆன வெக்டர் படம் வேண்டும். 2003-இல் தொடங்கப்பட்ட 'இங்க்ஸ்கேப்' என்ற இலவச வரைபட மென்பொருளில் இதற்கு வழி இருக்கிறது.

பானையைப் பிளெண்டரிலிருந்து 'ஓ.பி.ஜே.' கோப்பாக வெளியே எடுக்க வேண்டும். இது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து படிக்கலாம். 'வி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் வரி, ஒரு முனை இருக்கும் இடத்தை மூன்று எண்களால் சொல்லும். 'எஃப்' என்று தொடங்கும் வரி, எந்தெந்த முனைகள் சேர்ந்து ஒரு முகமாகின்றன என்று சொல்லும். ஒரு கனசதுரத்துக்கு 8 முனைகள், 6 முகங்கள்.

இனி செய்முறை:

1. இங்க்ஸ்கேப்பில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்', அதில் 'ரெண்டர்', அதில் '3டி பாலிஹெட்ரான்' என்பதைத் திறக்கவும்.

2. கோப்பிலிருந்து ஏற்றும்படி தேர்ந்தெடுத்து, கோப்பின் பெயரைக் கொடுக்கவும்.

3. எந்தக் கோணத்தில் தெரிய வேண்டுமோ அப்படித் திருப்பவும். பானை படுத்துக் கிடந்தால் எக்ஸ் அச்சில் 90 பாகை திருப்பினால் நிமிரும்.

4. நிறத்தையும் அளவையும் கொடுத்து 'அப்ளை' செய்யவும். பின்னால் உள்ள முகங்களை முதலில் வரைந்து, முன்னால் உள்ளவற்றை அவற்றின் மேல் வரைந்து மென்பொருள் படத்தை முடிக்கும்.

முதல் முறை கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. வழவழப்பாக இருக்க வேண்டும் என்று அவள் பானையை 40,000 முகங்களுக்கு மேல் செய்திருந்தாள். ஒவ்வொரு முகமும் தனித்தனி வடிவமாக வரையப்படும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிளெண்டரில் 'டெசிமேட்' என்ற வசதியால் பத்தில் ஒரு பங்காகக் குறைத்ததும் படம் வந்தது.

மகிழ்ச்சியோடு வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பினேன். கத்தி ஒவ்வொரு முகத்தையும் தனியாக வெட்டித் தள்ளியது. நல்ல வினைல் தாள் அவல் போல உதிர்ந்தது. விழாக் குழுவினர், "கடையில் கிடைக்கிற படத்தையே ஒட்டிவிடலாம்" என்றார்கள். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை, முகம் வாடிவிட்டது. நான் ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கினேன்.

பிழை என்னுடையதுதான். அச்சுக்குப் போகும் படத்துக்கு நிழல் வேண்டும். அதனால் 'ஷேடிங்' இருக்கலாம். வெட்டுகிற படத்துக்கு அதை நீக்கி ஒரே நிறம் கொடுக்க வேண்டும். பிறகு குழுவைப் பிரித்து, எல்லா முகங்களையும் தேர்ந்தெடுத்து, 'பாத்' பகுதியிலுள்ள 'யூனியன்' கொடுத்தால் உட்கோடுகள் மறைந்து வெளிக்கோடு மட்டும் நிற்கும். அப்படி வெட்டி ஒட்டினோம்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். வரைபடத்துக்குள் வந்துவிட்டால் அது பானை அல்ல, பானையின் தட்டையான உருவம். வேறு பக்கம் பார்க்க வேண்டுமென்றால் திரும்ப ஏற்றத்தான் வேண்டும். எனவே கோணத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள், முகங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

விழாவன்று அவளுடைய பானைதான் மேடையில் இருந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நோட்பேடில் 8 முனைகளை எழுதி ஒரு கனசதுரத்திலிருந்து தொடங்கட்டும். அடுத்த விழாவுக்கு இன்னொரு வீட்டுப் படம் வரட்டும்.