துள்ளு சாதனங்களும் சிசுவின் பாதுகாப்பும்

புனே நகரிலிருந்து சிங்ககட் கோட்டைக்குச் செல்லும் வழியில், முட்டா நதியின் கரையில் அமைந்துள்ளது கடக்வாஸ்லா. 1916ஆம் ஆண்டில் தோன்றிய மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம் இங்குதான் இயங்கி வருகிறது. அணை, துறைமுகம் முதலியவற்றின் சிறு மாதிரிகளை அமைத்து, அவற்றின்மீது நீரைச் செலுத்தி விளைவுகளை ஆராய்வது இந்நிலையத்தின் பணிகளில் ஒன்று. பயன்படுத்துவதற்கு முன் சோதித்தறிய வேண்டும் என்னும் இவ்விதி வீட்டுச் சாதனங்களுக்கும் பொருந்தும். ஆனால் மாதிரியைப் பழுதாகும் வரை சோதிக்கலாம். சிசுவை அவ்வாறு சோதிக்க இயலாது. ஆகவே பிறர் கண்டறிந்தவற்றையும் இயற்பியலின் எளிய உண்மைகளையும் துணைகொண்டே நாம் முடிவுக்கு வரவேண்டும்.

இவ்வட்டாரத்தில் இருவகைக் காட்சிகளைக் காணலாம். புதிய அடுக்குமாடி வீடுகளில் கதவுநிலையிலிருந்து தொங்கும் ஜம்பரிலோ, சாய்வான பவுன்சர் இருக்கையிலோ குழந்தை அமர்த்தப்படுகிறது. கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் கரும்பு வெட்டும் வயல்களிலும் மரக்கிளையில் துணி கட்டி, அதில் குழந்தை கிடத்தப்படுகிறது. மராட்டியர் இதனை ‘ஜோளி’ என்பர். நம் நாட்டுப்புறத்தில் தூளி அல்லது ஏணை என்போம். இவை பாதுகாப்பானவையா எனத் தாய்மார் கேட்கும்போது கள ஊழியரும் ஆசிரியரும் தக்க விடை கூறவேண்டும். அதற்குத் துணைபுரிவதே இப்பாடத்தின் நோக்கம்.

சாதனங்களின் வகைகள்

ஜம்பர் என்பது சுருள்வில்லில் அல்லது மீள்தன்மையுள்ள கயிற்றில் தொங்கும் இருக்கை. குழந்தையின் கால்விரல்கள் தரையைத் தொட்டு உந்தும். பவுன்சர் என்பது வளைந்த கம்பிச் சட்டத்தின்மீது துணி பொருத்திய சாய்விருக்கை. குழந்தை உதைக்கும்போது அது அசையும். வாக்கர் என்பது சக்கரங்கள் பூட்டிய வட்டச் சட்டம். அதன் நடுவே குழந்தை அமர்ந்தவாறே காலால் தள்ளிச் செல்லும். மூன்றும் கடையில் ஒரே வரிசையில் விற்கப்பட்டாலும் அவற்றால் நேரும் ஆபத்துகள் வேறு வேறானவை.

ஜம்பருக்கும் தூளிக்கும் உறவு உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒஜிப்வே என்னும் பழங்குடியினரிடையே வளர்ந்த ஒலிவியா பூல் என்னும் பெண்மணி, தாய்மார் மரக்கிளையில் குழந்தையைத் தொங்கவிட்டு ஆட்டுவதைக் கண்டிருந்தார். 1910ஆம் ஆண்டில் தம் முதற்குழந்தைக்கென அவர் அமைத்த சாதனமே, பிற்காலத்தில் கனடாவில் ‘ஜாலி ஜம்பர்’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது.

துள்ளலின் இயற்பியல்

சுருள்வில்லில் ஒரு பொருளைத் தொங்கவிட்டால் வில் சற்று நீளும். அந்த நீட்சி எவ்வளவு என்பதைக் கொண்டே, அது மேலும் கீழும் ஒருமுறை ஆடுவதற்கு ஆகும் நேரத்தைக் கணக்கிடலாம். நீட்சி 12 செ.மீ. எனில் ஓர் ஆட்டத்திற்கு ஏறத்தாழ 0.7 விநாடி ஆகும். அதாவது நிமிடத்திற்கு 85 ஆட்டங்கள். நீட்சி 25 செ.மீ. எனில் ஓர் ஆட்டத்திற்கு ஒரு விநாடி ஆகும். இதுவே அவ்வமைப்பின் இயல்பு அதிர்வு ஆகும்.

ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளினால் சிறு விசையிலேயே அது உயரச் செல்வதை நாம் அறிவோம். இயல்பு அதிர்வுக்கு இசைந்து உதைத்தால் ஜம்பரும் அவ்வாறே பெரிதாகத் துள்ளும். கோல்ட்ஃபீல்டு, கே, வாரன் என்னும் மூவர் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஜம்பரில் விடப்பட்ட சிசுக்கள் சில வாரங்களில் இந்தத் தாளத்தைத் தாமாகவே கண்டுகொள்வது தெரியவந்தது. இது சிசுவின் அறிவுத்திறனுக்குச் சான்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சிசு கற்றுக்கொண்டது வில்லின் தாளத்தையே. நடப்பதற்கு வேண்டிய சமநிலையை அன்று. உடலின் எடையை வில் தாங்கிக்கொள்வதால், விழாமல் நிற்கும் வித்தையை அங்குக் கற்க வாய்ப்பில்லை. “துள்ளித் துள்ளிக் கால் வலுத்துவிட்டது, விரைவில் நடந்துவிடும்” என்று பெற்றோர் கருதுவது இதனாலேயே தவறாகிறது.

கொக்கியின் மீதுள்ள பாரத்தையும் கருதுதல் வேண்டும். 12 செ.மீ. நீண்டு தொங்கும் 8 கிலோ மணல்மூட்டையை மேலும் 12 செ.மீ. கீழே இழுத்துவிட்டால், அது தாழ்ந்த நிலைக்கு வரும் ஒவ்வொரு முறையும் கொக்கி 16 கிலோ எடைக்கு ஈடான பாரத்தைத் தாங்குகிறது. பத்து நிமிடம் இவ்வாறு ஆடினால் இப்பாரம் 800க்கும் மேற்பட்ட முறை ஏறி இறங்கும். அசையாத பாரத்தைத் தாங்கிய முடிச்சோ, கதவுநிலையின் ஆணியோ, இத்தகைய மாறி மாறி வரும் பாரத்தால் தளரக்கூடும். மேலும், பக்கவாட்டில் ஆடும் குழந்தை கதவுநிலையில் தலையை மோதிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

பவுன்சரும் சுவாசமும்

பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு இருக்கும். கழுத்துத் தசைகளோ வலுவற்றவை, மூச்சுக்குழல் குறுகலானது. சாய்ந்த இருக்கையில் குழந்தை உறங்கிவிட்டால் தலை முன்னோக்கிச் சரிந்து, மோவாய் மார்பில் படியும். அப்போது மூச்சுப்பாதை மடங்கிக் குறுகுகிறது. ஒரு மெல்லிய ரப்பர்க் குழாயை வளைத்து ஊதிப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். குழந்தை அழுவதில்லை, கைகால் உதைப்பதுமில்லை, அமைதியாக உறங்குவதுபோலவே தோன்றும். இதுவே இவ்வாபத்தின் கொடுமை.

சிசுக்களின் மரணங்களைத் தொடர்ந்து 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘ராக் அண்ட் பிளே’ என்னும் சாய்வுத் தொட்டில்கள் ஏறத்தாழ 47 இலட்சம் திரும்பப் பெறப்பட்டன. 10 பாகைக்கு மேல் சாய்வுடைய, சிசு உறங்குவதற்கான சாதனங்களை 2022ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று அந்நாட்டில் தடை செய்தது. பவுன்சர் உறங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. எனினும் அதன் சாய்வு இதனினும் மிகுதியாக இருப்பது வழக்கம். ஆகவே குழந்தை அதில் கண்ணயர்ந்தால் உடனே எடுத்து, சமமான உறுதியான படுக்கையில் மல்லாந்த நிலையில் கிடத்தவேண்டும். பவுன்சரை மேசைமீதோ கட்டில்மீதோ வைத்தலும் கூடாது. உதைக்கும் வேகத்தில் அது சிறிது சிறிதாக நகர்ந்து விளிம்பை அடைந்துவிடும்.

வாக்கரும் நடைவண்டியும்

மூன்றிலும் மிகுந்த தீமை பயப்பது வாக்கர். 1990 முதல் 2014 வரையிலான 25 ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில், வாக்கரால் காயமுற்று, 15 மாதம் நிரம்பாத குழந்தைகள் ஏறத்தாழ 2,30,000 பேர் சிகிச்சை பெற்றதாக 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் காயம் தலையிலோ கழுத்திலோ ஏற்பட்டது. நால்வரில் மூவர் மாடிப்படியிலிருந்து விழுந்தவர்கள். கனடா 2004ஆம் ஆண்டிலேயே வாக்கர் விற்பனையை முற்றிலும் தடை செய்தது. நடை விரைவில் வருமா எனில், அதுவும் இல்லை. 2002ஆம் ஆண்டில் அயர்லாந்தில் நிகழ்ந்த ஆய்வின்படி, வாக்கரில் கழித்த ஒவ்வொரு 24 மணி நேரத்திற்கும் தனித்து நடத்தல் 3 நாளுக்குமேல் தாமதமாவதாகக் காணப்பட்டது.

நம் நடைவண்டியை இதனுடன் குழப்புதல் ஆகாது. எழுந்து நிற்கத் தெரிந்த குழந்தை, தன் எடையைத் தானே தாங்கி, மரச்சட்டத்தைப் பிடித்துத் தள்ளிச் செல்வதே நடைவண்டி. வாக்கரிலோ குழந்தை அமர்ந்திருக்கிறது; முன்னுள்ள தட்டு அதன் பாதங்களைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

நடைக்குரிய பருவம்

இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, துணையின்றி அமர்தல் ஏறத்தாழ 4 முதல் 9 மாதத்திற்குள்ளும், தனித்து நடத்தல் 8 முதல் 17½ மாதத்திற்குள்ளும் நிகழ்வது இயல்பு. பத்தாம் மாதத்தில் நடக்காத குழந்தையைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தையை எச்சாதனத்திலும் தொடர்ந்து ஒரு மணி நேரத்திற்குமேல் கட்டுண்டு இருக்கச் செய்யலாகாது எனவும், தவழத் தொடங்காத சிசுவை விழித்திருக்கும் வேளையில் நாளொன்றுக்கு 30 நிமிடமேனும் குப்புறக் கிடத்தி விளையாடவிட வேண்டும் எனவும் அந்நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. சுத்தமான பாயொன்றே சிசுவுக்குச் சிறந்த உடற்பயிற்சிக் கூடம்.

பாயில்லாத இடத்தில்

எனினும், தரையே சிறந்தது என்று எல்லாத் தாய்மாருக்கும் கூறிவிட இயலாது. கம்பியும் சுண்ணாம்பும் இறைந்து கிடக்கும் கட்டட மனையிலும், பாம்பும் தேளும் உலவும் கரும்பு வயலிலும் தரை பாதுகாப்பானதன்று. அங்குத் தூளி கட்டும் தாய் அறியாமையால் அவ்வாறு செய்யவில்லை. இருப்பவற்றுள் நல்லதையே தெரிந்தெடுக்கிறாள். ஆகவே கள ஊழியர் அவளைக் கடிந்துகொள்ளாமல், தூளியை எவ்வாறு பாதுகாப்பாகக் கட்டலாம் என்பதையே கூறவேண்டும். தூளி தரையிலிருந்து முழங்கால் உயரத்திற்கு மிகாதிருத்தல் நலம். குழந்தையின் முகம் எப்போதும் வெளியே தெரிய வேண்டும். மோவாய் மார்பில் படியலாகாது. கிளையையும் முடிச்சையும் நாள்தோறும் இழுத்துப் பார்க்கவேண்டும். தொங்கும் கயிறு, துணிமுனை எதுவும் இருத்தல் கூடாது. காலியான தூளியில் பெரிய குழந்தைகள் சுழன்று விளையாடவிடலாகாது. அவ்விளையாட்டில் துணி கழுத்தை இறுக்கி உயிரிழந்த நிகழ்ச்சிகள் நம் நாட்டு மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

நிலையான தீர்வு, வேலையிடத்தின் அருகே குழந்தைகள் காப்பகம் அமைவதே. 1969ஆம் ஆண்டில் தில்லியில் கட்டட மனையொன்றில் புழுதியிடையே கிடந்த சிசுக்களைக் கண்டு மனமிரங்கி, மீரா மகாதேவன் அம்மையார் தொடங்கிய ‘மொபைல் கிரெஷஸ்’ என்னும் நடமாடும் காப்பகப் பணி, பின்னர் புனேயிலும் பரவியது. தம் பகுதியில் இத்தகைய காப்பகம் உள்ளதா என விசாரித்துத் தாய்மாருக்குத் தெரிவிப்பது கள ஊழியரின் கடமையாகும்.

தொகுப்புரை

வாக்கரை முற்றிலும் தவிர்க்கவேண்டும். ஜம்பரினால் வளர்ச்சிக்குத் தனிப் பயன் எதுவுமில்லை. விளையாட்டுக்காக உபயோகிப்பதாயின், தலை நன்கு நின்ற பின்னர், பெரியவர் ஒருவரின் கண்பார்வையில், பத்துப் பதினைந்து நிமிடத்திற்கு மிகாமல் உபயோகிக்கலாம். பவுன்சர், விழித்திருக்கும் குழந்தைக்குச் சிறிது நேர இருக்கை மட்டுமே, படுக்கை அன்று. எச்சாதனமும் தாயின் கண்ணுக்கு ஈடாகாது.

பயிற்சி

1. 6 கிலோ மணல்மூட்டையைச் சுருள்வில்லில் தொங்கவிட்டு நீட்சியை அளக்க. ஒரு நிமிடத்தில் நிகழும் ஆட்டங்களை எண்ணிக் குறித்துக்கொள்க. பின்னர் வேறொரு வில்லைக் கொண்டு செய்து ஒப்பிடுக.

2. நடைவண்டிக்கும் வாக்கருக்கும் உள்ள வேறுபாட்டை, உடல் எடையைத் தாங்குவது எது என்பதைக் கொண்டு விளக்குக.

3. உங்கள் பகுதியிலுள்ள ஐந்து வீடுகளில் சிசு பகற்பொழுதில் எங்கே உறங்குகிறது என்பதைக் கேட்டறிந்து, திருத்த வேண்டியது உளதாயின் அன்றே எடுத்துக் கூறுக.